படுக்கைக்கு முன் ஒரு தடவை, உங்கள் கையால்

அன்பார்ந்த பெற்றோருக்கும், பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதம் வீட்டுப் பாடத்தைப் பற்றியதோ தவணைப் பரீட்சையைப் பற்றியதோ அல்ல. மூத்த பிள்ளையைக் காலையில் கேற்றடியில் விடும்போது உங்கள் இடுப்பில் இருந்துகொண்டு எங்களைப் பார்க்கும் சின்னதுகளைப் பற்றியது. ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள். இன்னும் எங்கள் இடாப்பில் பெயர் ஏறாதவர்கள். அவர்களுடைய பற்களைப் பற்றி இப்போதே உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. முதலாம் தரத்துக்கு வந்த பிறகு கதைத்தால் பாதிப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிடுகிறது.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் நான் வகுப்பறைகளுக்குள் போய் வருவது வழக்கம். சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் கொடுக்கிறோம். சில பிள்ளைகள் தட்டில் இருப்பதை ஒரு பக்கக் கடைவாயால் மட்டும் மென்று, மற்றப் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டிருப்பார்கள். கரட் துண்டை ஒதுக்கிவிட்டுக் குழைந்த சோற்றை மட்டும் விழுங்குவார்கள். "ஏனப்பு சாப்பிடேல்லை?" என்று கேட்டால் வாயைத் திறந்து காட்டுவார்கள். முன்பற்கள் முரசு மட்டத்துக்குக் கறுத்துத் தேய்ந்திருக்கும். இரவில் பல்லுக்குத்தில் நித்திரை இல்லாமல் வந்த பிள்ளைக்கு நாங்கள் 'அ' சொல்லிக் கொடுத்தால் மனதில் ஏறுமா? பிள்ளை மெலிகிறது, வகுப்பில் சோர்ந்து படுக்கிறது, பாடசாலைக்கு வராமல் நிற்கிறது. காரணம் பல் என்று பல வீடுகளில் கண்டுகொள்வதே இல்லை.

"விழப்போற பல்லுத்தானே சேர்" என்று நீங்கள் சொல்வீர்கள். விழத்தான் போகிறது. ஆனால் எப்போது? முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். சோறு மெல்லும் பாற்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் நிற்க வேண்டியவை. புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயதிலும் பிள்ளை அதே பற்களால்தான் சாப்பிடுகிறது. பின்னால் வரப்போகும் நிலையான பல்லுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். சூத்தை பிடித்து முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சரிந்துவிடும். பிறகு வருகிற பல் கோணலாக முளைக்கும்.

எப்போது தொடங்குவது? நம்முடைய வழக்கத்திலேயே அதற்கு ஒரு நாள் இருக்கிறது. முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்தி, பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தித் தலையில் கொட்டுகிறோம். முன்னால் கொப்பி, பேனை, கண்ணாடி என்று பரப்பி வைத்து எதை எடுக்கிறது என்று பார்க்கிறோம். அந்தப் பரப்பில் ஒரு சின்னப் பிரஷையும் வைத்துவிடுங்கள். பிள்ளை எதை எடுத்தாலும் சரி, அன்று இரவே அந்தப் பிரஷ் வேலையைத் தொடங்கட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு மாதமளவில் முதற்பல் வரும், மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். முளைத்த நாளிலிருந்தே பல்லில் சூத்தை பிடிக்கலாம்.

இனி இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்களில் பல் தீட்டுவது கிணற்றடி வேலை. விடிய எழும்பி, பிரஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் இரவில் யார் கிணற்றடிக்குப் போவது? இருட்டு, பாம்பு, காட்டோரக் கிராமங்களில் யானைப் பயம் வேறு. ஆகவே இரவில் பல் தீட்டுவது பல வீடுகளில் இல்லவே இல்லை. பெரியவர்களே தீட்டாதபோது சின்னப் பிள்ளைக்கு யார் தீட்டுவது? பல்லைக் கெடுப்பதோ இரவுதான். நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும். வாயில் மிச்சமிருக்கும் இனிப்பையும் மாவையும் கிருமிகள் விடிய விடிய அமிலமாக்கிக்கொண்டிருக்கும். காலையில் எவ்வளவு வடிவாகத் தீட்டினாலும் இரவு நடந்ததை அது ஈடு செய்யாது.

அதனால் தயவுசெய்து இரவுப் பல் தீட்டலைக் கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒரு செம்பு தண்ணீர், துப்புவதற்கு ஒரு பழைய கோப்பை, துடைக்க ஒரு துணி. விறாந்தையிலோ பாயிலோ இருந்துகொண்டே முடித்துவிடலாம்.

நீங்கள் பாயில் சம்மணமிட்டு இருங்கள். பிள்ளையின் தலையை உங்கள் மடியில் வைத்து, முகம் மேலே பார்க்கப் படுக்க விடுங்கள். இடக்கை விரலால் மேலுதட்டை மெல்ல உயர்த்தினால் எல்லாப் பல்லும் வெளிச்சத்தில் தெரியும். பிரஷ் சின்னதாக, நார் மிருதுவாக இருக்க வேண்டும். முரசும் பல்லும் சேரும் ஓரத்தில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தீட்டுங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று ஒன்றையும் விடாதீர்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்தான். பிரஷைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போனால் அது பல் தீட்டல் ஆகாது. பிள்ளை பிரஷைச் சப்பி விளையாடும், அவ்வளவுதான். ஏழு, எட்டு வயது வரைக்கும் பெரியவர் ஒருவரின் கை வேண்டும். எங்களிடம் படிக்கும் முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பிள்ளை அழும், வாயை இறுக்கி மூடும், தலையைத் திருப்பும். முதல் வாரம் எந்த வீட்டிலும் அப்படித்தான். முதலில் பிரஷை அதன் கையில் கொடுத்து அரை நிமிடம் விடுங்கள். பிறகு "இப்ப அம்மான்ரை முறை" என்று வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணுங்கள். பத்தோடு முடியும் என்று தெரிந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், எண்ணவும் பழகும். அக்காவும் அண்ணாவும் பக்கத்தில் இருந்து தீட்டினால் பாதி வேலை முடிந்தது, சின்னது அவர்களைப் பார்த்தே செய்யும். சாப்பாடு, கைகால் கழுவல், பல், பிறகு கதை, நித்திரை. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கொஞ்ச நாளில் பிள்ளையே பிரஷைத் தேடி எடுத்து வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "வாயைத் திற, இல்லாட்டி டொக்டர் வந்து ஊசி போடுவார்" என்று வெருட்டாதீர்கள். அப்படி வெருட்டி வளர்த்த பிள்ளை பற்சிகிச்சை நாளன்று மேசைக்குக் கீழே ஒளிகிறது. தீட்டியதற்குப் பரிசாக ரொபி கொடுப்பதும் வேண்டாம்.

பற்பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தண்ணீர் வேறு மாதிரி. புளோரைட்டு உள்ள பற்பசைதான் சூத்தையைத் தடுக்கும். பெட்டியில் புளோரைட்டின் அளவு 1000 பிபிஎம் (ppm) அல்லது அதற்குக் கொஞ்சம் கூட என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அளவு முக்கியம். மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் முழுக்கப் பிதுக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், எங்கள் வன்னிப் பகுதியில் பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் புளோரைட்டு ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. வவுனியாப் பக்கம் உட்பட உலர் வலயத்தின் நிலத்தடிப் பாறைகளின் தன்மை அது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பெரிய பிள்ளைகள் பலரின் முன்பற்களில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அவர்கள் தீட்டாததால் வந்த ஊத்தை அல்ல. முதல் மூன்று நான்கு வயதில், முரசுக்குள் நிலையான பல் உருவாகும்போது, உடம்புக்குள் போன மிதமிஞ்சிய புளோரைட்டால் வந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதற்காகப் பிள்ளையை ஏசுவதும் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவதும் இந்த வளாகத்தில் நடக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. வற்ற வற்ற இன்னும் செறியும். உங்கள் கிணறு எப்படி என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, பரிசோதிக்க வழி செய்யுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் வாங்குகிற வீடுகள் அதை முதலில் சின்னப் பிள்ளைக்குக் குடிக்கவும் பால்மா கரைக்கவும் ஒதுக்குங்கள். பற்பசையைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருப்பதால் பிதுக்கித் தின்றுவிடும். துப்பத் தெரியாத வயதில் ஈரத் துணியால் நுரையைத் துடைத்துவிடலாம். இரண்டு வயதளவில் துப்பப் பழக்குங்கள். பகலில் வாழையடியில் நிற்க வைத்து யார் தூரத் துப்புவது என்று போட்டி வைத்தால் சிரித்துக்கொண்டே பழகிவிடுவார்கள்.

வேப்பங்குச்சி, உமிக்கரி பற்றி அப்பம்மாமார் கேட்பார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று வளர்ந்தவர்கள் நீங்கள், உங்கள் பல் அதற்குச் சாட்சி. உங்களை மாறச் சொல்லவில்லை. ஆனால் பாற்பல்லின் மேற்பூச்சு மெல்லியது, உமிக்கரி அதைச் சுரண்டிவிடும். குச்சி சின்னப் பிள்ளையின் முரசைக் குத்தும். பேரப்பிள்ளைக்குப் பிரஷ் போதும்.

அம்மாமார் பலர் விடியவே ஆடைத் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் போய்விடுகிறீர்கள். தனி ஆளாகக் குடும்பத்தைச் சுமப்பவர்களும் இருக்கிறீர்கள். களைத்து வரும் இரவில் பிள்ளை அழாமல் படுத்தால் போதும் என்றுதான் இருக்கும். அந்த நேரத்தில்தான் சீனி போட்ட தேத்தண்ணியோ பாலோ சூப்பிப் போத்தலில் வாய்க்குள் போகிறது. போத்தலோடு நித்திரை கொள்ளும் பிள்ளையின் மேல் முன்பற்கள்தான் முதலில் கெடும். போத்தலை ஒரே நாளில் பறிக்க வேண்டாம். சீனியைக் குறைத்து, பாலைக் குறைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்துங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டு வயது கடந்தும் கொடுங்கள். படுக்கைக்கு முன் பல்லைத் தீட்டிவிட்டால் சரி. திரிபோஷாச் சத்துமா உருண்டை நல்ல சாப்பாடு, ஆனால் பல்லில் ஒட்டும். அதைப் பகலில் கொடுங்கள். காய்ச்சல் பாணியும் இனிப்புத்தான். இரவில் கொடுத்தால் பிறகு வாயைத் துடைத்துவிடுங்கள். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா என்று போய் வரும்போது இனிப்பு வாங்காமல் வர முடியாதுதான். நாள் முழுக்கக் கொறிக்க விடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து முடியுங்கள்.

மாதம் ஒரு தடவை உதட்டை உயர்த்தி மேல் முன்பற்களின் முரசோரத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் திருப்ப முடியும். மண்ணிறமாகிக் குழி விழுந்தால் சிகிச்சைதான். மாதாந்தக் கிளினிக்கில் நிறை பார்க்கும்போது குடும்ப நல உத்தியோகத்தரிடம், "மிஸ், பல்லையும் ஒருக்கால் பாருங்கோ" என்று கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பற்சிகிச்சைப் பிரிவிலும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலும் காசு கேட்கமாட்டார்கள். நோகும் வரை காத்திருந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது.

ஆறு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு இன்னொன்று. கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் வரும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் பலர் அதையும் பாற்பல் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தவணையிலிருந்து முன்பள்ளியிலும் முதலாம் தரத்திலும் சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் வாய் கொப்பளிப்பார்கள். பிறந்தநாளுக்கு வகுப்பில் ரொபி பகிர்வதை நிறுத்துகிறோம். கொய்யா, வாழைப்பழம், அவித்த கச்சான் எதையாவது கொடுத்து விடுங்கள். வசதி இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம், பாட்டுப் பாடுவோம். பற்பரிசோதனை நாள் குறித்தவுடன் பிள்ளையின் கொப்பியில் எழுதி அனுப்புவோம். அன்று வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், மடியில் வைத்துத் தீட்டும் முறையை நேரில் செய்து காட்ட ஒழுங்கு செய்கிறேன். வரும்போது கிளினிக் கொப்பியையும் பிள்ளையின் பிரஷையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒரே பிரஷைப் பிள்ளைகள் எல்லாரும் பாவிக்கும் வீடாக இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆளுக்கொன்று கிடைக்க வழி பார்க்கலாம்.

இப்படிக்கு,
அதிபர்