வீட்டு பயோடீசல்: ஒரு வரியில் கடந்துபோன மெத்தனால்

ஆசிரியருக்கு வணக்கம்.

பஜ்ஜி, வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில், டீசலுக்குப் பதிலாக இன்ஜினில் ஊற்றும் பயோடீசலை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக் ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களின் புராஜெக்டுக்காக இதே பயோடீசலை ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். செய்முறை உண்மையானதுதான். ஆனால் "அதோடு மெத்தனால் சேர்த்து" என்று, ஒரு வகை ஆல்கஹாலான அதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அளவு. 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் மெத்தனால் வேண்டும். எண்ணெய் என்பது ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருப்பது. அந்தக் கிளிசரினைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கொழுப்பு அமிலத்தோடும் ஒரு மெத்தனாலைச் சேர்த்தால் கிடைப்பதுதான் பயோடீசல். இதில் சேர்க்கும் காஸ்டிக் சோடா வினையை வேகப்படுத்தும் வெறும் ஊக்கி, கொஞ்சம் போதும். மெத்தனால் அப்படியல்ல. அது மூலப்பொருள். வினை முழுதாக நடக்கத் தேவையான அளவைவிடக் கூடுதலாகவே ஊற்ற வேண்டியிருக்கும்.

கலவையை 55 முதல் 60 டிகிரி வரை சூடாக்க வேண்டும் என்று கட்டுரை சொல்வது சரி. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் அடுத்த வரியில் சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் பாத்திரத்தை வைத்துக் கிளறினால் சூடு எப்போது அந்த ஐந்து டிகிரியைத் தாண்டும் என்று யாருக்கும் தெரியாது. கொதிக்கவே வேண்டாம், நம் ஊர் வெயிலில் மூடி திறந்திருந்தாலே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி வரும். அதன் தீயும் வெளிர்நீலம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பற்றிக்கொண்டதே தெரியாமல் கையை நீட்டுவார்கள். ஆய்வகத்தில் நாங்கள் மூடிய குடுவை, குளிர்விப்பான், ஆவியை வெளியே இழுக்கும் விசிறி எல்லாம் வைத்துக்கொண்டு, திறந்த தீ இல்லாமல் மின்சாரத்தில் சூடாக்கித்தான் செய்தோம். அப்போதும் ஒரு மாணவரைக்கூடத் தனியாக விட்டதில்லை. சமையலறையில் இதில் எது இருக்கிறது?

அப்புறம் விஷம். தமிழ்நாட்டில் இதை எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், மறு வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது கள்ளச்சாராயத்தில் இருந்த இதே மெத்தனாலால்தான். குடித்தால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. உயிர் தப்பியவர்களிலும் சிலருக்குப் பார்வை திரும்புவதில்லை. குடித்தவுடனே எதுவும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு பிடிக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நம் வீடுகளில் எதையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் உண்டு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பாட்டிலை எங்கே வைப்பது? தோல் வழியாகவும் ஆவி வழியாகவும்கூட உடம்புக்குள் போகும் என்பதைக் கட்டுரையைப் படித்த எத்தனை பேர் அறிவார்கள்?

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 1959ஆம் வருடத்து விதிகள் அவை. "கெமிக்கல் கடையில் கிடைக்கும்" என்று எழுதியதை நம்பிப் போகிறவர், நல்ல எண்ணத்தோடு போனாலும், குற்றவாளியாகி நிற்பார்.

இதையெல்லாம் பயோடீசலுக்கு எதிராகச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வகத்தில், பொரித்த எண்ணெயை டப்பாவில் கொண்டுவந்து முதலில் ஒரு கரண்டி சூடாக்குவோம். படபடவென்று வெடித்தால் அதில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். வடை சுட்ட எண்ணெயில் தண்ணீர் இல்லாமல் இருக்காது. அதைப் போக்காமல் காஸ்டிக் சோடாவைப் போட்டால் பாதி சோப்பாகிவிடும். பிறகு எண்ணெய் எவ்வளவு அமிலமாகியிருக்கிறது என்று, பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சோதிப்பது. இளஞ்சிவப்பு வந்து நிற்கிற இடத்தை வைத்துத்தான் சோடாவின் அளவைக் கணக்கிட முடியும். வினை முடிந்து இரவு முழுக்க அசையாமல் வைத்தால், கறுத்த கிளிசரின் அடியில் தங்கி, மேலே தெளிந்த தேன் நிறத்தில் பயோடீசல் நிற்கும். அதைப் பார்க்கிற மாணவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை. பாடப்புத்தகத்தில் வராத வேதியியல், அடுக்குகளைப் பிரித்தெடுக்கும் அந்தக் கண்ணாடிப் பிரிபுனலில் வரும்.

அதோடு வேலை முடிவதில்லை. அடியில் தங்கிய கிளிசரினில் மெத்தனாலும் சோடாவும் கலந்திருக்கும், செடிக்கு ஊற்றவோ சாக்கடையில் விடவோ கூடாது. பயோடீசலைக் கழுவிய தண்ணீரும் அப்படியே. கழுவாமல் இன்ஜினில் ஊற்றினால் பம்பும் நாசிலும் கெடும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி பயோடீசலில் மெத்தனால் 0.2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதை வீட்டில் எதை வைத்து அளப்பது? நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பாமாயில் வேறு. அதிலிருந்து வரும் பயோடீசல் குளிரில் சீக்கிரம் கலங்கி உறையும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் டிசம்பரில் ஃபில்டர் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பழைய ஆயில் இன்ஜின்களின் ரப்பர் குழாய்களையும் அது மெல்ல இளக்கிவிடும்.

ருடால்ஃப் டீசலின் இன்ஜின் 1900ஆம் வருடம் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓடியதைக் கட்டுரை ஆதாரமாகக் காட்டுகிறது. ஓடியது உண்மை. ஆனால் அது எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டியது, பயோடீசல் அல்ல. இன்றைய இன்ஜினில் அந்தக் கெட்டித்தன்மையோடு ஊற்றினால் நாசிலில் கரி பிடிக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்த மெத்தனால் வேலையே.

உண்மையில் பொரித்த எண்ணெயில் நாம் கவலைப்பட வேண்டியது வேறு. அது திரும்பவும் யாரோ ஒருவருடைய சட்டிக்குப் போவது. பெரிய கடையில் கறுத்துப்போனதை டின் கணக்கில் வாங்கி, சாலையோரக் கடைக்கு மலிவாக விற்கிற வியாபாரம் நடக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதே வருடம் ஆகஸ்ட் 10 அன்று, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கு வைத்து, பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான் எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்றும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் 50 லிட்டருக்குக் கீழே இருப்பவர்தான் நம் தெருவில் அதிகம். மாலையில் நாலு மணிக்குச் சட்டியை ஏற்றும் வடைக்கடைக்காரர், கல்யாணத்துக்குச் சமைக்கிறவர், தீபாவளிக்கு முறுக்கு சுடும் வீடு. இவர்களிடம் வந்து எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

வார்டுக்கு ஒரு இடத்தில், உழவர் சந்தையிலோ ரேஷன் கடையிலோ, ஒரு டிரம் வையுங்கள். லிட்டருக்கு ஒரு விலை எழுதிப் போடுங்கள். பழைய எண்ணெய் வியாபாரி கொடுக்கிற விலைக்குக் குறையாமல் கொடுத்தால் வடைக்கடைக்காரர் தானாகவே கொண்டுவந்து ஊற்றுவார். மெத்தனாலை உரிமத்தோடு, முறையான கருவிகளோடு கையாளும் ஆலை அதை பயோடீசலாக்கட்டும். பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் சிறிய அளவில் செய்து தங்கள் பேருந்துகளுக்கே பயன்படுத்த உரிமத்தை எளிதாக்கலாம். உங்கள் இதழ் இதற்காகக் குரல் கொடுத்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மெத்தனாலின் ஆபத்தையும் உரிம விதியையும் அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி வெளியிடுங்கள். இணையதளத்தில் உள்ள கட்டுரையின் தலையிலும் சேர்த்துவிடுங்கள். அறிவியல் கண்காட்சி நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இதழைப் பார்த்துத்தான் செய்முறை தேடுகிறார்கள். அவர்களில் ஒருவர் மெத்தனால் கேட்டுக் கடைக்குப் போவதற்குள் அந்தக் கட்டம் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் விரிவுரையாளர்,
விழுப்புரம்.