மெய்டனா, பிரீஸ்ட்டா: குழு அறிவிப்பு

நண்பர்களே, பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுக்களில் அயர்ன் மெய்டன் பெரிதா, ஜூடாஸ் பிரீஸ்ட் பெரிதா என்ற சண்டை நேற்று விடிய விடிய ஓடியது. ஓடட்டும், தடை இல்லை. ஆனால் ஆதாரத்தோடு ஓடட்டும்.

"இரட்டை கிதாரை (இரண்டு கிதார் கலைஞர்கள் ஜோடியாக வாசிக்கும் பாணியை) மெய்டனிடமிருந்துதான் பிரீஸ்ட் எடுத்தது" என்று இனி யாரும் எழுத வேண்டாம். பிரீஸ்ட் 1969இல் பர்மிங்காம் பக்கம் உருவான குழு. ஸ்டீவ் ஹாரிஸ் கிழக்கு லண்டனில் மெய்டனைத் தொடங்கியது 1975 கடைசியில். பிரீஸ்ட்டின் கிதார் கலைஞர்கள் டிப்டனும் டவுனிங்கும் ஜோடி சேர்ந்து பல ஆல்பங்கள் போட்ட பிறகுதான், 1980இல், மெய்டனின் முதல் ஆல்பமே வந்தது. அதே ஆண்டு பிரீஸ்ட்டின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் முதலில் மேடையேறி வாசித்த இளசுகள் யார் என்று நினைக்கிறீர்கள்? மெய்டன்தான்.

அதற்காக பிரீஸ்ட் ஆட்கள் துள்ள வேண்டாம். பிக் (நரம்பை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் வெறும் விரலால் ஹாரிஸ் பேஸ் கிதாரில் கிளப்பும் அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளத்துக்கு உங்களிடம் பதில் இல்லை. (பிரீஸ்ட் பாடகர் ஹால்ஃபோர்டின் உச்சக் குரலுக்கு நான் அடிமை என்பது ஊரறிந்தது. அதனால் நான் ஓட்டுப் போடவில்லை.)

பாடகர் விலகியதைச் சொல்லி யாரும் யாரையும் குத்த வேண்டாம். ஹால்ஃபோர்ட் 1992இல் போனார், மெய்டன் பாடகர் டிக்கின்சன் 1993இல் போனார், இருவருமே திரும்பி வந்தார்கள். அப்புறம் என்ன?

வாக்கெடுப்பு ஞாயிறு இரவு 9 மணிக்கு. அதற்குள் ஆளுக்கு ஒரு நேரடி நிகழ்ச்சி வீடியோ மட்டும் போடலாம். வாய்ஸ் நோட் வேண்டாம். குறிப்பாக, பாடிக் காட்டும் வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம்.