ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பார்த்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதங்களாகிவிட்டன. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது தவறு, பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மீசைக்காரன் போன வாரம் வந்திருந்தான். அந்தக் குடை விவகாரத்தை இன்னும் மறக்கவில்லை என்று உனக்கு எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன்.

வண்டி ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிடு என்று நீ எழுதியிருந்தாய். நான் மாற்றவில்லை. பிரித்துப் பழுது பார்த்து அதையே மீண்டும் மாட்டியிருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்கு விரிவாகச் சொல்லியாக வேண்டும். உன்னிடம் இருப்பதும் இதே வண்டி, ஓராண்டில் இரண்டு பேட்டரி மாற்றியதாக நீயே எழுதியிருக்கிறாய்.

சார்ஜ் லைட் முழுவதும் அணையாமல் மங்கலாகக் கனன்றுகொண்டிருக்கிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? போன மாதம் ஓர் இரவுப் பயணத்தில் ஹெட்லைட் மெல்ல மஞ்சளாகி, பிறகு செம்மை தட்டி, கடைசியில் சாலையே தெரியாமல் போயிற்று. பழைய டீசல் என்ஜின் மின்சாரத்தை எதிர்பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கில்லாமல் ஓட்டுவதற்கு எனக்குத்தான் துணிவில்லை. ஓரமாக நிறுத்தி விடியும்வரை காத்திருந்தேன். பிள்ளைகள் பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டி அதிர்ந்த அந்த இரவை என்னால் எளிதில் மறக்க முடியாது.

மறுநாள் மெக்கானிக்கும் நீ சொன்னதையே சொன்னார்: "பழசுல கை வெச்சா நிக்காது, புதுசு போட்டுடுங்க." பழுது அங்கேதான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு பேசலாம் என்றேன். மல்டிமீட்டரை எடுத்தோம். நன்றாகச் சார்ஜ் ஏற்றி ஓய்வில் விட்ட பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆகவே பேட்டரி மீது குற்றமில்லை. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் வரவேண்டிய அளவு 13.1இல் நின்றது, விளக்குகளைப் போட்டதும் 12.2க்கு இறங்கியது. பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. ஆல்டர்னேட்டரின் தடித்த முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே இழப்பு 0.1 வோல்ட்தான், எர்த் (நெகட்டிவ்) பக்கமும் அப்படியே. பிறகு மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) அளவுக்குத் திருப்பி அதே பேட்டரி முனைகளில் வைத்தோம். அரை வோல்ட்டுக்குள் அடங்கவேண்டிய அலைவு 1.1 வோல்ட் காட்டியது. ஆல்டர்னேட்டரில் உண்டாகும் ஏசியைப் பேட்டரிக்கேற்ற ஒரே திசை மின்சாரமாக மாற்றும் டயோடு போய்விட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

உன் பேட்டரிகளைப் பற்றி எனக்கு இங்கேதான் சந்தேகம் பிறந்தது. கசியும் டயோடு, நிறுத்தி வைத்த வண்டியிலும் பேட்டரியின் மின்சாரத்தைத் திருப்பி உள்ளே விடும். காலையில் செல்ஃப் எடுக்காது. நாம் பேட்டரியைப் பழிப்போம். இரவில் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, முனையைத் துணியும் டேப்பும் சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டுப் பார். (பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அதைச் செய், பிறகு நெகட்டிவை மட்டும் மாட்டிவிடு.) காலையில் வண்டி உடனே எடுத்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பிரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஹவுசிங்கும் சேரும் இடத்தில் முதலில் குறுக்காக ஒரு கோடு கீறிக்கொண்டோம். இல்லாவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது தாங்கும் காதுகள் இடம் மாறிவிடும். பின்பகுதியைத் திறந்ததும் என்ஜின் ஆயில் வாடை வந்தது. நம் வண்டியில் பிரேக் மிதிக்கும் வலுவைக் கூட்டும் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பம்புக்கு வரும் ஆயில், தேய்ந்த சீல் வழியாகக் கசிந்து உள்ளே இறங்கியிருந்தது. கார்பன் தூளும் ஆயிலும் சேர்ந்து கண்மை போன்ற கருங்குழம்பாகி, சுழலும் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களின் கூட்டிலும், அவை உரசும் சிலிப் ரிங்கிலும் அப்பியிருந்தது. ஒரு பிரஷ் நான்கு மில்லிமீட்டர் அளவுக்குக் கட்டையாகியிருந்தது. பின் பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றினால் மணல் அரைபடுவது போல் இருந்தது.

ஆனால், நண்பா, சுழலாமல் நிற்கும் செம்புக் கம்பிச் சுற்றான ஸ்டேட்டரைத் துடைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. வார்னிஷ் தேன் நிறத்தில் அப்படியே இருந்தது, எங்கும் கருகவில்லை. மூன்று சுற்றுகளும் ஒரே அளவு காட்டின, எதுவும் உடலைத் தொடவில்லை. நடுவில் சுழலும் ரோட்டாரின் காயில் 3 ஓம் அளவில் இருந்தது. அதற்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பில்லை. ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் குழி தேயவில்லை. அதாவது செம்பும் இரும்பும் அலுமினியமும் நன்றாக இருக்கின்றன. கெட்டுப்போனவை எல்லாம், தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட சின்னச் சாமான்கள். இதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

பழுது பார்த்தது நிற்காது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பிரஷை மட்டும் மாற்றுகிறார்கள், பேரிங்கை விட்டுவிடுகிறார்கள்; டயோடு பிளேட்டை மாற்றுகிறார்கள், அதைக் கெடுத்த ஆயில் கசிவை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் மீண்டும் நின்றால் பழி பழைய ஆல்டர்னேட்டர் மீது விழுகிறது. எங்கள் மெக்கானிக்கும் பழைய சீலையே துடைத்துப் போடப் பார்த்தார். அந்த ஓர் இடத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்தச் சீல்தான். கடைசியில் பிரஷ், இரண்டு பேரிங், டயோடு பிளேட், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினோம். சிலிப் ரிங்கில் மெல்லிய பள்ளம்தான். லேத்தில் இலேசாகக் கடைந்து நுண்ணிய உப்புத்தாள் போட்டதும் பளபளத்தது.

புதிதைப் பற்றியும் விசாரிக்காமல் இல்லை. பொருந்தும் என்று சொல்லிக் காட்டிய ஒன்றில் வேக்குவம் பம்புக்கே இடமில்லை. அதை மாட்டியிருந்தால் சார்ஜ் ஏறியிருக்கும். பிரேக் பெடல் மட்டும் கல்லாக இறுகியிருக்கும். இன்னொன்றில் பம்ப் இருந்தது, புல்லியின் பள்ளம் பெல்ட்டின் நேர்கோட்டிலிருந்து விலகி நின்றது. அதிக ஆம்பியர் என்று புகழ்ந்தார்கள். வண்டி கேட்கும் அளவைத்தான் ஆல்டர்னேட்டர் தரும்; கூடுதல் விளக்கும் குளிர்சாதனமும் மாட்டியவனுக்கு அது உதவும், எனக்கு எதற்கு? அப்படிப் போடுவதென்றால் அந்தச் சுமைக்கேற்ற தடித்த வயரும் போட வேண்டும்.

ஆனாலும் எல்லோரும் பழுதுதான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேட்டர் கருகிப் போயிருந்தாலோ, ரோட்டார் காயில் ஷாஃப்டைத் தொட்டு எர்த் ஆகியிருந்தாலோ, பேரிங் குழியிலேயே சுழன்று அலுமினியத்தைத் தின்றிருந்தாலோ நானும் நீ சொன்னபடி மாற்றியிருப்பேன். திறந்து பார்க்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

மாட்டிய பிறகு ஐடிலில் 14.2 வோல்ட், எல்லா விளக்கும் போட்டால் 13.9. ஏசி அலைவு 0.1க்கும் கீழே. ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகும் அளந்தோம், ஏனென்றால் குளிரில் நன்றாக இருக்கும் டயோடு சூட்டில் காலை வாரும். அளவு மாறவில்லை. பிரேக்கையும் சோதித்தோம். என்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, இறுகியதும் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால், காலடியில் பெடல் சற்றே உள்ளே இறங்க வேண்டும். இறங்கியது. அந்தச் சிறு இறக்கத்தைக் கால் உணர்ந்தபோதுதான் அன்றைய இரவின் பயம் என்னை விட்டுப் போயிற்று.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார் என்று கல்லூரி நாளிலிருந்தே நீ எல்லோருக்கும் வித்தை காட்டுகிறாய். அது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் ஒரு நொடியில் பல மடங்கு தாவி டயோடையும் ரெகுலேட்டரையும் சாப்பிட்டுவிடும். உன் ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தால் அது அதனால்தானோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து விட்டுவிடு.

இந்த வாரம் மீட்டரை வைத்து, விளக்குகள் எரியும்போது வரும் வோல்ட் அளவையும் ஏசி அளவையும் குறித்து எனக்கு எழுது. பிரிக்க வேண்டும் என்றால் ஒரு சனிக்கிழமை வண்டியை இங்கேயே கொண்டு வா. பேரிங் கழற்றும் புல்லர் என்னிடம் இருக்கிறது.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன் நண்பன்