பெட்டி மேல் இருக்கும் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் கார் பராமரிப்புக் கட்டுரை படித்தேன். ‘பெயர் பெற்ற பிராண்டாகப் பார்த்து வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள்’ என்று எழுதியவர், ஒருமுறையாவது உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் நின்று பிரேக் பேட் வாங்கியிருப்பாரா?

நான் வாங்கினேன். பெட்டியில் என் கார் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே எறும்பு சைஸில் ‘சூட்டபிள் ஃபார்’ என்று இருந்ததை வீட்டுக்கு வந்தபின் பேரன்தான் படித்துச் சொன்னான். அதாவது, அந்தக் காருக்குப் பொருந்துமாம்; அந்தக் கம்பெனி சரக்கு இல்லையாம். மறுநாள் போய்க் கேட்டால், “பொய் ஒண்ணும் போடலையே சார்” என்கிறார் கடைக்காரர். வாஸ்தவம்தான். எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்வதற்காக அடுத்தவர் பெயரைப் போட 1999ஆம் வருட வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டமே இடம் தருகிறது. எதைப் பெரிதாகப் போடுவது, எதைப் பொடியாகப் போடுவது என்பதில்தான் வித்தை.

சரி, எதற்கு வம்பு என்று அடுத்த தடவை கம்பெனி கவுண்டரிலேயே கிளட்ச் பிளேட் வாங்கினேன். கம்பெனிப் பெட்டி, ஹாலோகிராம், கம்பெனி விலை. மெக்கானிக் பிரித்துக் காட்டினார்: பிளேட்டில் வேறொரு உதிரிபாகக் கம்பெனியின் முத்திரை! அவர்களுடைய சொந்தப் பெட்டியில் அதே பிளேட் வெளிக்கடையில் எவ்வளவோ மலிவு. ஆக, மலிவான பெட்டிக்குள்ளும் கார் கம்பெனி இல்லை, விலை கூடிய பெட்டிக்குள்ளும் இல்லை.

உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் பிடித்து வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது தங்களுக்கு நினைவிருக்கும். கட்டுரையாளரிடம் யாரும் சொல்லவில்லை போலும். பல்பு கதையும் இப்படித்தான்: பிலிப்ஸ் பெயரில் வந்த ஹெட்லைட் பல்பைச் செய்துவந்தது லூமிலெட்ஸ் என்ற கம்பெனி. அந்த லூமிலெட்ஸின் பெரும்பங்கை 2017இலேயே பிலிப்ஸ் விற்றுவிட்டது. பல்பைக் குறை சொல்லவில்லை, நன்றாகவே எரிகிறது. ஆனால் ‘பெயர் பெற்ற’ என்கிறாரே, யார் பெற்ற பெயர்?

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் உதிரிபாக விளம்பரம் இருந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதை எங்கே தேடுவது என்று படத்தோடு கையகலக் கட்டமாவது போடுங்கள். போன முறை இன்சூரன்ஸ் பற்றி நான் எழுதியதை நாலு வரியாக்கி ‘வாசகர் ஆதங்கம்’ என்று போட்டீர்கள். இதையும் அப்படிச் சுருக்குவதானால் அந்த ‘சூட்டபிள் ஃபார்’ வரியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், சென்னை