தண்ணி பாட்டில்ல கோடு போட்ட ஆயாம்மாவுக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

அம்மா நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாங்க. ஹால்லயே கட்டில் போட்டாச்சு, இப்ப தூங்குறாங்க, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கிட்டேதான் இதை டைப் பண்றேன். கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் வரைக்கும் போனது உங்க எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேரு கூடவே இருந்தீங்க, அதனால திரும்ப அதுக்குள்ள போகல.

ராத்திரி பதினோரு மணிக்கு பைக்கை எடுத்துட்டு வந்து ரத்தம் குடுத்த தம்பிங்க, சிடி ஸ்கேனுக்கு போறப்ப ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் முன்னாடி "பெரியம்மா, இப்ப ஒரு குலுக்கல் வரும்"னு சொல்லிட்டே ஓட்டின ஆம்புலன்ஸ் அண்ணன், எங்க வீட்டு மாட்டுக்குத் தவிடு வச்ச எதிர்வீட்டு அக்கா, பணம் போட்டுட்டு யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்ன ஆபீஸ் ஆளுங்க, எல்லாருக்கும் நன்றி. புத்தூருக்கு கூட்டிட்டுப் போயி கட்டு போடுன்னு சொன்ன சொந்தக்காரங்களுக்கும் சேர்த்துதான். அக்கறைலதான் சொன்னீங்க, ஆனா இது இடுப்புக்குள்ள ஆழத்துல இருக்கிற எலும்பு, எந்தக் கட்டும் அதுவரைக்கும் எட்டாது. முதல்ல போன இடத்துல நேரா ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு "வெறும் அடிதான், ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பினாங்களே, அதைப் பத்தி இன்னைக்கு வேணாம், ரத்தக் கொதிப்பு ஏறும்.

டாக்டருக்கு தனியா சொல்லணும். ஒரு கையை மூடி இன்னொரு உள்ளங்கையில வச்சு காட்டினாரு. வயசானவங்க விழுந்தா பெரும்பாலும் தொடை எலும்போட கழுத்துதான் உடையும், உங்கம்மாவுக்கு தொடை எலும்போட உச்சியில இருக்கிற பந்து நல்லாருக்கு, அது உக்கார்ற கிண்ணம்தான் உள்பக்கமா நொறுங்கிப்போச்சு, 74 வயசுல எலும்பு ரஸ்க் மாதிரி இருக்கு, வெறும் பிளேட்டு மட்டும் போட்டா ஸ்க்ரூ பிடிக்காம போகலாம், பிடிச்சாலும் மூட்டு தேஞ்சு ரெண்டாவது தடவை திறக்க வேண்டி வரலாம், அப்படியே படுக்க வச்சாலோ நெஞ்சுல சளி, படுக்கைப்புண், கால்ல ரத்தக்கட்டின்னு வரிசையா வரும், அதனால பிளேட்டையும் போட்டு அதே நேரத்துல மூட்டையும் மாத்திடலாம்னு சொன்னாரு. ரிஸ்க்கையும் மறைக்கல. பெரிய ஆபரேஷன்தான், உங்க முடிவுதான்னு சொல்லிட்டு நான் யோசிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருந்தாரு.

ஆனா இந்த மடலை எழுத உக்காந்ததே அந்த நைட் டூட்டி ஆயாம்மாவுக்காக.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு யூரின் டியூபையும் எடுத்துட்டாங்க. அதுக்கு மறுநாள் ராத்திரி அம்மா உளற ஆரம்பிச்சாங்க, என்னைய செத்துப்போன மாமா பேரைச் சொல்லி கூப்பிடுறாங்க, மாட்டைக் கட்டுடாங்கிறாங்க. ரிப்போர்ட்ல கிரியாட்டினின் வேற ஏறிருக்கு, கிட்னி சரியா வேலை செய்யுதான்னு காட்டுற அளவு அது. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. டிரிப் ஏத்தினாங்க, டெஸ்ட் மேல டெஸ்ட் எடுத்தாங்க. அப்ப ரூமைக் கூட்ட வந்த ஆயாம்மா, தலைமாட்டுல இருந்த தண்ணி பாட்டிலைக் கையில எடுத்து பாத்துட்டு என்கிட்ட கேட்டுச்சு, "இது எப்ப வச்ச தம்பி?" காலைலன்னேன். கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு. மூணு நாளா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், நான் அதைப் பாக்கவே இல்ல.

என்னைய வெளிய போகச் சொல்லிட்டு அம்மாகிட்ட என்னமோ பேசுச்சு. அப்புறம் வந்து மெதுவா சொல்லுச்சு, "பெத்த புள்ளகிட்ட பெட்பேன் வைக்கச் சொல்ல எந்தப் பொம்பளைக்குப்பா மனசு வரும், அதான் தண்ணியே குடிக்கல." தங்கச்சி மஸ்கட்ல இருந்து வர இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு. நான் என்ன சொல்லன்னு தெரியாம நின்னேன்.

ஆயாம்மா மைக்ரோபோர் டேப்பைக் கிழிச்சு பாட்டில்ல நீளவாக்குல ஒட்டி பேனாவால அஞ்சு கோடு போட்டுச்சு. "பெரியம்மா, நான் அடுத்து வர்றப்ப தண்ணி இந்தக் கோட்டுக்கு இறங்கியிருக்கணும், என் டூட்டி முழுக்க ரெண்டு மணிக்கொரு தடவ நானே வர்றேன், நீங்க கூப்பிடவே வேணாம்." சொன்ன மாதிரியே வந்துச்சு. கதவைச் சாத்தி, சேலையைக் குறுக்கே பிடிச்சு, வலிக்காம புரட்டி, கூடவே ஊர்க்கதை பேசிக்கிட்டு. பகல்ல வர்ற ஆயாகிட்டயும் சொல்லி வச்சிட்டுப் போச்சு. ரெண்டாம் நாள் காலைல அம்மா என்னைய என் பேரைச் சொல்லி கூப்பிட்டாங்க, இன்னும் ஒரு கோடு பாக்கி இருக்குடான்னாங்க.

கிளம்பறப்ப ஐநூறு ரூபா நீட்டினேன், வாங்கல. அம்மா ஓயாம பேசின நார்த்தங்கா ஊறுகாய் மட்டும் ஒரு பாட்டில் வேணும்னு கேட்டுச்சு, அதுவும் பெரியம்மாவே நடந்து வந்து குடுக்கணுமாம்.

ஆஸ்பத்திரியில முழிச்சு கெடந்த ராத்திரிகள்ல நெட்ல தேடினப்ப தெரிஞ்சது, அந்தக் கிண்ணத்தோட பேரு அசிடாபுலம், லத்தீன்ல வினிகர் ஊத்தி வைக்கிற கிண்ணம்னு அர்த்தமாம். பிரான்ஸ்ல ஜூடே, லெட்டூர்னெல்னு டாக்டருங்க 1964லயே அது உடையறதை பத்து வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. அம்மாகிட்ட சொன்னா, "அப்ப ஊறுகாய் ஜாடின்னு சொல்லு"ன்னுட்டாங்க.

இனிமே யாரையாவது ஆஸ்பத்திரியில பாக்கப் போனா ஹார்லிக்ஸ் பாட்டிலோட நிக்க மாட்டேன், முதல்ல தண்ணி பாட்டிலைத்தான் பாப்பேன். இன்னொன்னு, உங்க வீட்டுலயும் அம்மா அப்பா இருந்தா எலும்பு அடர்த்தி டெஸ்டை ஒரு தடவ எடுத்துருங்க. அம்மாவுக்கு இப்பதான் எடுத்தோம், அதுக்கான மருந்தும் இனிமேதான் ஆரம்பிக்கணும், ரெண்டு வருசம் முன்னாடியே பண்ணிருக்கலாம்.

கொஞ்ச வாரத்துக்கு வாக்கர்தான், அந்தக் கால்ல லேசாத்தான் வெயிட் போடணும். பிசியோ பொண்ணு பாதத்துக்கு அடியில அப்பளம் இருக்குன்னு நெனச்சுக்கோங்க, நொறுங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கு. இன்னைக்கு காலைல அப்படி நாலு அடி வச்சிட்டு கட்டில்ல உக்காந்ததும் அம்மா முதல்ல கேட்டது, சந்தையில நார்த்தங்கா வந்திருச்சான்னுதான்.