பாப்பாவின் பத்துப் பேர்

பாப்பா,

தம்பி உன் பட்டியலை எனக்கு அனுப்பினான். பாப்புலர் இசையில் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய பத்துப் பேர் யார் என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறாய், சித்தியிடம் கேட்டிருக்கிறாய், பாட்டே கேட்காத மாமாவிடம்கூடக் கேட்டிருக்கிறாய். சரி, இருக்கட்டும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் வழக்கம்தானே.

முதலில் காது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹெட்ஃபோனோடுதான் இருக்கிறாயாம். வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல், எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு. ஏற்றி வைத்தால் கிக் டிரம்மும் பேஸும் நிறைவாக இருப்பதுபோல் காது ஏமாறும். மிக்ஸில் எது துருத்துகிறது என்பது குறைத்து வைத்துக் கேட்டால்தான் பிடிபடும். இதை முன்பே சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இனி பட்டியல். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். உன் வயதில் என்னைக் கேட்டிருந்தால் பத்தில் எட்டுப் பேர் கிதார்காரர்களாக இருந்திருப்பார்கள். நம் இசையமைப்பாளர்களைச் சேர்க்காததும் புத்திசாலித்தனம். போன தடவை அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று பெரியப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும்.

ஆனால் எல்விஸுக்குப் பக்கத்தில் ரெகார்டு விற்பனையை எழுதி வைத்திருக்கிறாயே, அது எதற்கு? எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்டார்கள் என்பது வேறு கணக்கு. 1954-ல் அவர் பாடிய முதல் சிங்கிள், ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரூடப் 1946-ல் பதிவு செய்த பாட்டு. அவர் செய்தது கறுப்பினக் கூட்டத்திடம் இருந்ததை வெள்ளையர் கூட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுவும் தாக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அப்படியென்றால் அப்படியே எழுது.

யார் முதலில் செய்தார் என்று தேடிக்கொண்டு போவதும் ஒரு பொறிதான். சக் பெர்ரியின் 'ஜானி பி. கூட்' 1958. அதன் தொடக்கத்து கிதார் வரி, லூயிஸ் ஜோர்டன் குழுவின் 1946 ரெகார்டு ஒன்றில் கார்ல் ஹோகன் வாசித்தது, கிட்டத்தட்ட அதே சுரங்கள். அதற்காக சக் பெர்ரியை எடுத்துவிட்டு ஹோகனைப் போடுவாயா? போடாதே. பின்னால் வந்த பையன்கள் விரல் வைத்துப் பழகியது பெர்ரியின் ரெகார்டைப் பார்த்துத்தான். ஆனால் குறிப்பில் ஹோகன் பெயர் வரவேண்டும். வாசிக்கிறவன் யார் வாசித்ததைக் கேட்டு விரலை வைத்தான்? கையைப் பார் பாப்பா. பெயரை அப்புறம் பார்க்கலாம்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு பாட்டு எடு, முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. குரலைக் கவனிக்காதே. வேகத்தைப் பாதியாக்கி, நாலு அடி கொண்ட ஒரு பாருக்குப் பதினாறு கட்டம் போட்டு, காலால் அடிக்கும் கிக், குச்சியால் அடிக்கும் ஸ்னேர், ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு மூன்றுக்கும் தனித்தனி வரிசை வை. எங்கெங்கே அடி விழுகிறதோ அங்கே புள்ளி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்றில் கிக், இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் என்பது ஒத்துப்போனால் அதற்கு மதிப்பே இல்லை, உலகத்தில் பாதிப் பாட்டு அப்படித்தான். மெதுவாகத் தட்டிய ஸ்னேர், தள்ளி விழுந்த அடி, காலியாக விட்ட இடம், இவை ஒத்துப்போனால்தான் விஷயம் இருக்கிறது. அப்போதும் தீர்ப்புச் சொல்லிவிடாதே. இரண்டு பேரும் மூன்றாவது ஒருவரிடமிருந்து எடுத்திருக்கலாம். யார் ரெகார்டிலிருந்து துண்டு எடுத்தார்கள் என்று சொல்லும் சாம்பிள் கிரெடிட்டோ, வாசித்தவரே சொன்ன பேட்டியோ, இன்னொரு சாட்சி வேண்டும். சாட்சி இல்லாமல் ஜாடையை மட்டும் வைத்து வாதாடினால் சித்தியிடமே தோற்றுப்போவாய்.

ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனை ஆறாவதாக வைத்திருக்கிறாய். நான் ஒன்றாவதில் வைப்பேன், ஆனால் அவர் பெயரை மட்டும் தனியாகப் போட மாட்டேன். 1969 நவம்பரில் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தச் சொல்லி, டிரம்மரைத் தனியே விடுகிறார். எட்டு பார், சுமார் இருபது விநாடி. வாசித்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட். ஹை-ஹாட் பதினாறாகப் பிரிந்து ஓடுகிறது. ஸ்னேரின் பெரிய அடிகளுக்கு நடுவில் குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் போகிற சின்ன அடிகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு வாசித்துப் பார், மெட்ரோனோம் மாதிரி இருக்கும். அந்த இருபது விநாடியை வெட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெகார்டுகளில் ஓட்டியிருக்கிறார்கள். பாட்டெழுதியவராக ஸ்டபில்ஃபீல்ட் பெயர் பதிவாகவில்லை, ஆகவே ராயல்டியும் அவருக்குப் போகவில்லை.

அந்தத் துண்டு ஏன் அவ்வளவு வாகாக அமைந்தது என்று பார்த்தால் இன்னொரு கணக்கும் வருகிறது. 1987-ல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில், அதாவது துண்டுகளைப் பதிந்து மறுபடி ஒலிக்கவைக்கும் பெட்டியில், மொத்த நினைவகமே பத்து விநாடி. ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. ஃபங்கி டிரம்மரின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி, அதாவது ஒரு பாருக்கு 2.4 விநாடி. கச்சிதமாக உள்ளே போய்விடும். அதற்கு மேல் நீளமான துண்டு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய ரெகார்டை 45-ல் ஓடவிட்டுப் பதிந்து, பெட்டிக்குள் சுருதியை இறக்குவார்கள். 12-பிட் பெட்டியில் அப்படி இறக்கும்போது ஓரத்தில் மணல் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு வரும். இடமில்லாததால் வந்த கரகரப்பு அது. இன்றைக்குக் காசு கொடுத்து ப்ளக்-இன் வாங்கி அதையே வரவழைக்கிறார்கள். அதன் தாக்கத்தை யார் கணக்கில் எழுதுவாய்? டிரம்மரா, பெட்டி செய்தவரா, 45-ல் ஓட்டலாம் என்று கண்டுபிடித்தவரா?

இதே கேள்வி 1980-ல் வந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்திலும் வரும். 'இன்ட்ரூடர்' பாட்டில் டிரம்ஸ் ஃபில் காலின்ஸ். சிம்பல் கூடாதென்று கேப்ரியல் சொல்லிவிட்டார். வாசிப்பவர்கள் பேசுவது கன்சோல் பக்கத்தில் கேட்பதற்காக ஸ்டூடியோ அறையில் வைத்திருந்த மைக்கில், சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே மட்டமாக்கும் கடுமையான கம்ப்ரஸர் இருந்தது. அது திறந்திருந்தபோது டிரம்ஸ் சத்தம் அதன் வழியே வெடித்து வந்தது. ஒலிப்பதிவாளர் ஹ்யூ பாட்கம் அதற்குமேல், சத்தம் தணிந்ததும் அடைத்துவிடும் ஒரு கேட் போட்டு வாலை நறுக்கினார். எதிரொலி பெரிதாக எழும்பி, சட்டென்று அறுந்துபோகும். சிம்பல் இருந்திருந்தால் அதன் இழுவை அந்த வெட்டைக் காட்டிக்கொடுத்திருக்கும். எண்பதுகள் முழுக்க அந்த டிரம்ஸ்தான். உன் பட்டியலில் இந்த மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை.

பீட்டில்ஸை ஒன்றாவதில் வைத்ததற்கு மாமா கைதட்டினாராம். தட்டட்டும். காரணமாகக் கூட்டத்தையும் கூச்சலையும் எழுதாதே. 1966-ல் மேடையை விட்டுவிட்டு ஸ்டூடியோவையே வாத்தியமாக எடுத்துக்கொண்டார்கள், அதை எழுது. ஒரே வரியை இரண்டு தடவை பாட லெனனுக்கு அலுப்பு. அதற்காக ஸ்டூடியோ எஞ்சினியர் கென் டவுன்ஸெண்ட் இரண்டாவது டேப் மெஷினைப் பூட்டி, ஒரே குரலை இம்மி தள்ளி இரட்டிப்பாக்கினார். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ரெகார்டை வாங்கியவர்கள் எல்லாரும் பேண்டு தொடங்கினார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது கேட்க நன்றாக இருக்கும், சாட்சியாகாது. அடித்துவிடு.

ஜெர்மனியின் மின்னணு இசைக் குழு கிராஃப்ட்வெர்க்கை நீ சேர்த்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சரியாக எழுது: 1982-ல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' அவர்களைச் சாம்பிள் செய்யவில்லை. மெட்டைக் கீபோர்டில் மறுபடி வாசித்தார்கள், தாளத்தை டிஆர்-808 டிரம் மெஷினில் மறுபடி அமைத்தார்கள். அந்த 808-ஐ 1980 முதல் 1983 வரை சுமார் 12,000 மட்டுமே செய்தார்கள். தரமில்லையென்று ஒதுக்கிய டிரான்சிஸ்டரின் இரைச்சலிலிருந்து அதில் ஒலி எடுத்திருந்தார்கள். அந்தச் சரக்கு தீர்ந்ததும் பெட்டியும் நின்றது. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லையென்று அப்போது பலர் ஒதுக்கினார்கள். பழைய சாமான் விலைக்கு வந்ததும், கையில் காசில்லாத பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒதுக்கினவர்கள் கூட்டத்தில் நானும் உண்டு. அதை எழுதாமல் 808-ஐப் பற்றி உனக்குப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு நீ போட்டுக் காட்டிய மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடம்கூட நான் கேட்கவில்லை. "யாரோ அடித்ததை வெட்டி ஒட்டியிருக்கிறாய், தாளம்கூட நேராக இல்லை" என்றேன். நீ லேப்டாப்பை மூடிவிட்டுப் போனாய். அதற்கப்புறம் எனக்கு எதுவும் போட்டுக் காட்டவில்லை. மூன்று வருஷமாகிறது.

அந்த ஃபைல் தம்பியிடம் இருந்தது. அவனைத் திட்டாதே, நான்தான் வற்புறுத்தி வாங்கினேன். மேலே சொன்ன மாதிரி கட்டம் போட்டேன். உன் வேகம் நிமிடத்துக்கு 88 அடி, ஒரு கட்டத்துக்கு 170 மில்லி விநாடி. நாலாவது அடியின் ஸ்னேர் ஒவ்வொரு பாரிலும் 25 மில்லி விநாடி பின்னால் விழுகிறது. கை தவறியிருந்தால் ஒரு பாரில் 10, இன்னொன்றில் 40 என்று சிதறியிருக்கும். எல்லா பாரிலும் 25. நீ வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறாய். 'ஆமென் பிரேக்' என்கிறார்களே, கிரெகரி கோல்மன் 1969-ல் வாசித்த நாலு பார், அதில் மூன்றாவது பாரில் ஸ்னேர் தள்ளி விழுவதைப் பற்றி நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கோல்மன் தள்ளினால் நயம், நீ தள்ளினால் பிழை என்று சொல்லியிருக்கிறேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு விஷயம் மட்டும். பதினேழாவது பாரில் பேஸ் உள்ளே வந்ததும் கிக் காணாமல் போகிறது. இரண்டும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. பேஸில் அந்த இடத்தை மூன்று டெசிபல் இறக்கிப் பார், அல்லது கிக் விழும்போது பேஸ் தானே தாழும்படி சைடுசெயின் போடு. அதைச் சத்தம் குறைத்து வைத்துச் செய்.

இப்போது ஏதாவது செய்துகொண்டிருந்தால் அனுப்பு. முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை. வேவ் ஃபைலாக அனுப்பு, எம்பி3-யில் ஹை-ஹாட் கலங்கிப்போகிறது. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

அப்பா