தூங்குற மாதிரி லேசா மூடுங்க

அன்புள்ள செல்விக்கு,

தொழுநோய்ப் பிரிவும் உன் தலையில் விழுந்திருக்கிறதாமே. கை, கால் புண்ணைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லித் தருவார்கள். நான் கண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த நோயில் கண் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது. உணர்ச்சி நரம்பு செத்த விழியில் தூசி விழுந்தாலும் உறுத்தாது, உறுத்தாததால் இமைப்பதும் குறையும். முகநரம்பும் பழுதாகி இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகி வெள்ளை விழும். அதனால் "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு" என்று நோயாளி சொல்வதைக் கேட்டு அவர் சிகிச்சை அட்டையில் அப்படியே எழுதிவிடாதே.

"கண்ணை மூடுங்க" என்றால் இறுக்கி மூடிக் காட்டுவார்கள், குறை மறைந்துபோகும். "தூங்குற மாதிரி லேசா மூடுங்க ஐயா" என்று சொல். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. வெள்ளைக் கீற்று தெரிந்தால் இமையில் படாமல் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள். பிறகு இறுக்கி மூடச் சொல்லி மறுபடியும் அள. இடைவெளி 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, மூடியும் கருவிழி தெரிந்தாலோ அறுவை சிகிச்சைக்கு அனுப்பு. கருவிழியைப் பஞ்சால் தொட்டுச் சோதிக்க வேண்டாம். பேச்சுக் கொடுத்தபடி இமைக்கிறாரா என்று கவனித்தாலே போதும்.

பார்வையை 6 மீட்டரில் விரல் காட்டிச் சோதி. விரல் மடங்கியவர் கையால் மறைத்தால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார், அதனால் ஒரு அட்டையைக் கொடு.

மூடாமை எப்போது வந்தது என்று நோயாளியைக் கேட்டுப் பயனில்லை. கண் திறந்தபடி தூங்குவது வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியும். கடந்த 6 மாதத்துக்குள் வந்ததென்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் நரம்பு மீள வாய்ப்புண்டு. டாக்டர் வழக்கமாக 40 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார். முகத்தில் கண்ணருகே உள்ள தேமல் சிவந்து தடித்திருந்தால் ஒவ்வொரு வருகையிலும் இமையைப் பார்.

கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்து, கூசி, பாவை (நடுவிலுள்ள கரும்புள்ளி) சுருங்கியிருந்தால் அன்றே அனுப்பு. தாமதித்தால் பாவையின் விளிம்பு பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து கொடுத்தால் பார்வை மங்கும் என்று முன்பே சொல்லிவை, இல்லையென்றால் மறுநாளே நிறுத்திவிடுவார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விடவே கூடாது. கருவிழியில் புண் இருந்தால் அது ஓட்டையாகிவிடும். சிலருக்குச் சிவக்காமலே பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், அதனால் டார்ச்சை விடாதே.

வீட்டில் தினமும் கண்ணாடியில் பார்க்கச் சொல். லேசாக மூடி, பிறகு இறுக்கி 5 எண்ணும் பயிற்சியை ஒரு வேளைக்கு 10 முறையாவது செய்யட்டும். பகலில் மூக்குக்கண்ணாடி போடட்டும். இரவில் மூடும் துணி விழியில் உரசக்கூடாது. உணர்ச்சியில்லாத கையாலும் முந்தானையாலும் கண்ணைத் தேய்ப்பதுதான் பெரிய வினை. தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் வேண்டாம்.

பதிவேட்டில் 'சிகிச்சை முடிந்தது' என்று கோடு போட்டவர்களை முதலில் கூப்பிடு. மாதக்கணக்கில் சாப்பிட்ட மருந்து கிருமியைத்தான் கொன்றது, செத்த நரம்பு திரும்பியிருக்காது. வயதானவர்களுக்குக் கண்புரையும் இருக்கும். பழைய நோயைக் காட்டி யாராவது ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் விடாதே, கேள்.

அன்புடன்,
அப்பா